‘டீக்கு வா’ என்றால் சாப்பிடாமல் போங்கள்: இங்கிலாந்துக்குப் புதிதாக வருபவர்களுக்குச் சாப்பாட்டுச் சொற்கள்

வியாழக்கிழமை அஞ்சரை மணிக்கு டீக்கு வரச் சொல்லியிருந்தார் பக்கத்து வீட்டுப் பாட்டி. “கம் ரவுண்ட் ஃபார் யுவர் டீ, லவ். ஹாஃப் ஃபைவ்.” நான் வட இங்கிலாந்தின் யார்க்‌ஷயருக்கு வந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. டீதானே, கூட இரண்டு பிஸ்கட் இருக்கும் என்று நினைத்து, நாலரை மணிக்கே சாம்பார் சாதத்தை வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுப் போனேன். அங்கே மேசையில் டீக் கோப்பையையே காணோம். கொத்துக்கறியின் மேல் மசித்த உருளைக்கிழங்கைப் பரப்பி ‘அவன்’ அடுப்பில் வைத்து எடுத்த பெரிய தட்டு, பக்கத்தில் வேகவைத்த பட்டாணி, கேரட், ஒரு சின்ன ஜாடியில் கிரேவி. மதியத்திலிருந்து எனக்காகச் சமைத்திருக்கிறார். மூன்று வாய்க்கு மேல் என்னால் இறக்க முடியவில்லை. “பிடிக்கலையா?” என்று அவர் கேட்டபோது அவர் முகம் வாடியது இன்னும் கண்ணில் நிற்கிறது.

ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கிக்கொண்டு வந்த எனக்கு ‘டீ’ என்ற சொல்லுக்கு அர்த்தம் தெரியாமல் போய்விட்டது. அதற்கப்புறம் பல வருடங்களாக இங்கே மருத்துவமனையில் செவிலியராக இருக்கிறேன். ஊரிலிருந்து புதிதாக வரும் தங்கைகளும் தம்பிகளும் திகைப்பது மருத்துவச் சொற்களில் அல்ல, சாப்பாட்டுச் சொற்களில்தான். காரணம், அவை எளிய சொற்கள். பீன்ஸ், பிரெட், கேக் என்று எல்லாமே ஒன்றாம் வகுப்பில் படித்தவை. தெரிந்த சொல்தானே என்று நாம் காதைத் தீட்டுவதில்லை. அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் வரிசையிலேயே இங்கேயும் எழுதுகிறேன்.

முதல் படி: வேளைகளின் பெயர்

வட இங்கிலாந்தில் பல வீடுகளில் ‘டின்னர்’ என்பது மதியச் சாப்பாடு. ‘டீ’ என்பது சாயங்காலம் ஐந்து, ஆறு மணிக்குச் சாப்பிடும் முக்கியமான சாப்பாடு. லண்டன் பக்கம் போனால் நாம் பள்ளியில் படித்தபடி மதியம் ‘லஞ்ச்’, இரவு ‘டின்னர்’. ஆனால் நாடு முழுக்கப் பள்ளிக்கூடத்து மதியச் சாப்பாட்டுக்கு ‘ஸ்கூல் டின்னர்ஸ்’ என்றுதான் பெயர், பரிமாறுபவர் ‘டின்னர் லேடி’. குழந்தையைப் பள்ளியில் சேர்க்கும்போது ‘டின்னர் மணி’ என்று கேட்டால் பயப்படாதீர்கள், மதியச் சாப்பாட்டுக் காசுதான். ‘சப்பர்’ வீட்டுக்கு வீடு மாறும். சிலருக்கு அது இரவுச் சாப்பாடு, சிலருக்குப் படுக்கப் போகுமுன் கடிக்கும் ஒரு ரொட்டித் துண்டு.

யாராவது அழைத்தால் நேரத்தை வைத்துக் கணக்குப் போடுங்கள். மாலை ஐந்துக்கு மேல் ‘டீ’ என்றால் பசியோடு போங்கள். மூன்று, நாலு மணி என்றால் உண்மையிலேயே டீயும் கேக்கும். சந்தேகம் இருந்தால் “ஷுட் ஐ கம் ஹங்ரி?” என்று கேட்டுவிடலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். ‘ஹாஃப் ஃபைவ்’ என்றால் அஞ்சரை மணி என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் குடிக்கிற டீக்கு என்ன பெயர்? அதுவும் ‘டீ’தான், ஆனால் அதிகம் காதில் விழுவது ‘ப்ரூ’ அல்லது ‘கப்பா’. “ஃபேன்சி எ ப்ரூ?” என்றால் டீ போடட்டுமா என்று அர்த்தம். பால் ஊற்றிய, கடும் நிறமான சாதாரண டீக்கு ‘பில்டர்ஸ் டீ’ என்று பெயர். நம் ஊர் ஸ்ட்ராங் டீ குடித்துப் பழகியவர்கள் அதைக் கேட்டு வாங்கலாம். இதில் ஒரு மரியாதையும் இருக்கிறது. இடைவேளையில் நீங்கள் டீ போட எழுந்தால் உட்கார்ந்திருக்கும் எல்லோரையும் கேட்க வேண்டும். தனக்கு மட்டும் போட்டுக்கொண்டு வந்து உட்காருபவரை இங்கே யாரும் மறக்க மாட்டார்கள்.

‘புட்டிங்’ என்பதும் அப்படித்தான். சாப்பாட்டுக்குப் பின் வரும் எந்த இனிப்புக்கும் அது பொதுப்பெயர். “வாட்ஸ் ஃபார் புட்டிங்?” என்று கேட்டு ஐஸ்கிரீமோ ஆப்பிள் பையோ வந்தால் ஏமாற்றவில்லை என்று அர்த்தம். சின்ன வட்ட ரொட்டிக்கு ஊருக்கு ஊர் பெயர் மாறும். ஷெஃபீல்டில் ‘பிரெட்கேக்’, மான்செஸ்டரில் ‘பார்ம்’, நாட்டிங்ஹாமில் ‘காப்’, வேறு இடங்களில் ‘பாப்’. இவற்றை மனப்பாடம் செய்ய வேண்டாம். கடையில் முன்னால் நிற்பவர் என்ன சொல்லி வாங்குகிறாரோ அதையே சொல்லுங்கள்.

இரண்டாம் படி: சாப்பாடா, இல்லையா?

ஒருநாள் காலை ஷிஃப்ட் மாறும் நேரம். இரவுப் பணி செவிலியர் நோயாளிகளைப் பற்றி ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டு வந்தார். நாலாம் படுக்கை வந்ததும், “ஷீ இஸ் ஃபுல் ஆஃப் பீன்ஸ் திஸ் மார்னிங்” என்றார். மதுரையிலிருந்து வந்து ஒரு வாரமான பெண் என் காதருகே குனிந்து, “வாயுத் தொல்லையா அக்கா?” என்று கேட்டாள். அவள் நோட்டில் எழுதியும் விட்டாள். இல்லை என்றேன். அந்த அம்மா இன்றைக்கு உற்சாகமாக, துறுதுறுவென்று இருக்கிறார் என்பதுதான் அதன் அர்த்தம். நல்ல செய்தி.

அன்று அவளுக்குச் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன். சாப்பாட்டுச் சொல் காதில் விழுந்ததும் முதலில் சுற்றிப் பாருங்கள். அந்தப் பொருள் அங்கே இருக்கிறதா? இல்லையென்றால், அந்தச் சொல்லோடு ஒட்டியிருக்கும் சொற்களைப் பிடியுங்கள். பீன்ஸையே எடுத்துக்கொள்வோம். ‘ஃபுல் ஆஃப் பீன்ஸ்’ என்றால் உற்சாகம். ‘ஸ்பில் த பீன்ஸ்’ என்றால் ரகசியத்தைப் போட்டு உடைப்பது. ‘ஹேவன்ட் காட் எ பீன்’ என்றால் கையில் காலணா இல்லை. ஒரே காய்க்கு மூன்று அர்த்தம். ஆகையால் நோட்டில் ‘பீன்ஸ்’ என்று தனியாக எழுதாதீர்கள், முழுத் தொடரையும் எழுதுங்கள், அதை யார் எந்த நேரத்தில் சொன்னார் என்பதையும் சேர்த்து. அகராதியில் அர்த்தம் கிடைக்கும், சொன்னவர் முகம் கிடைக்காது.

மருத்துவமனையிலும் முதியோர் இல்லத்திலும் வேலை செய்பவர்கள் இவற்றை முதல் மாதத்திலேயே தெரிந்துகொள்ள வேண்டும். ‘பன் இன் தி அவன்’ என்றால் அந்தப் பெண் கர்ப்பமாக இருக்கிறாள். ‘இன் த புட்டிங் கிளப்’ என்பதும் அதுவே, கொஞ்சம் பழைய வழக்கு. ‘மை லெக்ஸ் ஆர் லைக் ஜெல்லி’ என்றால் கால் தளர்ந்து நடுங்குகிறது. இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாமல் உடனே உட்கார வையுங்கள். வயதான ஆண்கள் கூச்சத்தோடு ‘மீட் அண்ட் டூ வெஜ்’ என்பார்கள். ஒரு கறியும் இரண்டு காய்கறியும் சேர்ந்த சாப்பாட்டுக்குப் பெயர் அது, ஆனால் அவர்கள் சொல்வது ஆணுறுப்பை. அங்கே வலி என்று ஒருவர் உங்களிடம் சொல்லிவிட்டால், பெரும்பாலும் பல நாள் தயங்கிவிட்டுத்தான் சொல்லியிருப்பார். முகத்தில் ஒன்றும் காட்டாமல் கேட்டுக்கொள்ளுங்கள். எனக்கு இந்தக் கட்டுரையிலேயே முக்கியமான வரி இதுதான்.

மூன்றாம் படி: தமிழில் ஏற்கெனவே இருப்பதைத் தேடுங்கள்

நாமும் சாப்பாட்டை வைத்துத்தான் பாதிப் பேச்சைப் பேசுகிறோம். ஏமாற்றினால் அல்வா கொடுத்தான் என்கிறோம். சூழ்ச்சி பலிக்காவிட்டால் பருப்பு வேகவில்லை. ஆகவே புதிய ஆங்கிலத் தொடர் வந்ததும் தமிழில் இதற்கு என்ன சொல்வோம் என்று தேடுங்கள். ஜோடி கிடைத்துவிட்டால் பிறகு மறக்காது.

‘பீஸ் ஆஃப் கேக்’ என்றால் நம் ஜுஜுபி, அல்வா சாப்பிடுகிற மாதிரி. ‘ஹாஃப் பேக்ட்’ அப்படியே நம் அரைவேக்காடு. சரியாக யோசிக்காத திட்டத்தை இரண்டு மொழிக்காரர்களும் ஒரே மாதிரி திட்டுகிறார்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். ‘சவர் கிரேப்ஸ்’ என்பது ‘சீச்சீ, இந்தப் பழம் புளிக்கும்’. மேலதிகாரி ‘கிரில்’ செய்தார் என்றால் கேள்வி மேல் கேள்வி கேட்டு வறுத்தெடுத்தார். ‘பிக் சீஸ்’ என்றால் பெரிய மனிதர். ‘நீ என்ன பெரிய பருப்பா?’ என்று கேட்கிறோமே, அந்தப் பருப்புதான். (இந்தச் சீஸ் பாலாடைக்கட்டி அல்ல, உருதுவில் பொருள் என்று அர்த்தம் தரும் ‘சீஸ்’ என்ற சொல்லிலிருந்து வந்தது என்ற கருத்தும் உண்டு.) காதலர் இருவருக்கு நடுவில் மூன்றாவதாக உட்கார்ந்திருப்பவரை ‘ப்ளேயிங் கூஸ்பெரி’ என்பார்கள். தமிழில் அவர் சிவபூஜையில் கரடி.

ஜோடி பொருந்தாத இடங்களும் உண்டு, அங்கேதான் சறுக்கும். நமக்குக் கடலை போடுவது என்றால் வெட்டிப் பேச்சு, ஆங்கிலத்தில் ‘பீநட்ஸ்’ என்றால் அற்பச் சம்பளம். ‘மார்மைட்’ என்று ஒரு மனிதரைச் சொன்னால் நமக்குப் பிடிபடாது. அது ஈஸ்ட்டிலிருந்து எடுக்கும், ரொட்டியில் தடவும் கறுப்புப் பசை. 1902-லிருந்து இங்கே செய்து விற்கிறார்கள். உப்பும் கசப்புமாக இருக்கும். சிலர் அதற்கு உயிரை விடுவார்கள், சிலர் வாசம் பட்டாலே ஓடுவார்கள். அந்த நிறுவனமே அதை விளம்பரமாக்கிக்கொண்டது. அதனால், ஒருவரை ஊரில் பாதிப் பேர் கொண்டாடி பாதிப் பேர் வெறுத்தால் அவர் ‘மார்மைட்’. பாகற்காய் என்று மனதில் வைத்துக்கொள்ளலாம், ஆனால் பாகற்காய்க்கு அவ்வளவு எதிரிகள் கிடையாது.

சாப்பாடு போலக் கேட்கும், ஆனால் சாப்பாட்டுக்குச் சம்பந்தமே இல்லாத இரண்டைச் சொல்லிவிடுகிறேன். ‘எக் ஆன்’ என்றால் ஒருவரை உசுப்பேற்றுவது. அதில் முட்டை இல்லை, தூண்டிவிடு என்று பொருள்தரும் பழைய நோர்ஸ் (ஸ்காண்டிநேவிய) மொழிச் சொல் அது, வைக்கிங்குகள் கொண்டுவந்தது. இன்னொன்று ‘கரி ஃபேவர்’, அதாவது காரியம் ஆகக் குழைந்து ஜால்ரா போடுவது. கறி என்ற நம் தமிழ்ச் சொல்தான் ஆங்கிலத்தில் ‘கரி’ ஆனது என்பதால், இதுவும் நம்முடையதோ என்று ஆசையாக இருக்கும். இல்லை. இங்கே ‘கரி’ என்றால் குதிரையின் உடலைத் தேய்த்துவிடுவது. ஃபோவெல் என்ற குதிரையைப் பற்றி இடைக்காலத்தில் ஒரு பிரெஞ்சுக் கவிதை உண்டு. அந்தக் குதிரையைத் தேய்த்துவிட்டு நல்லபெயர் வாங்க எல்லோரும் வரிசையில் நிற்பார்கள். அந்தக் குதிரையின் பெயர்தான் வாய்வழக்கில் ‘ஃபேவர்’ ஆகிவிட்டது.

நான்காம் படி: காசும் வேலையும்

‘பிரெட்’, ‘டோ’ (பிசைந்த மாவு) இரண்டும் பணம். ‘பிரெட் அண்ட் பட்டர்’ என்றால் பிழைப்பு. கூட்டங்களில் ‘ஐ ஹேவ் டூ மச் ஆன் மை ப்ளேட்’ என்றால் தலைக்கு மேல் வேலை, ‘பேக் பர்னர்’ என்றால் இப்போதைக்கு ஒத்திவைத்தது, ‘லோ ஹேங்கிங் ஃப்ரூட்’ என்றால் சிரமமில்லாமல் உடனே முடிக்கக்கூடிய வேலை. ‘குக் த புக்ஸ்’ என்று யாராவது தணிந்த குரலில் சொன்னால் கணக்கில் மோசடி என்று அர்த்தம், அந்தப் பேச்சில் நீங்கள் கலந்துகொள்ள வேண்டாம். ‘பேர் ஷேப்ட்’ (பேரிக்காய் வடிவம்) ஆனது என்றால் திட்டம் கோணலாகிப் போனது. மாணவர்களுக்கு ஒன்று: ‘சாண்ட்விச் கோர்ஸ்’ என்பது சமையல் படிப்பு அல்ல. பட்டப்படிப்பின் நடுவே ஒரு வருடம் நிறுவனத்தில் வேலை பார்க்கும் ஏற்பாடு. விண்ணப்பத்தில் அந்தக் கட்டத்தைப் பார்த்துக் குழம்பி விட்டுவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

‘வொர்த் ஹிஸ் சால்ட்’ என்றால் வாங்கும் சம்பளத்துக்கு உண்மையாக உழைப்பவர். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆங்கில ‘சாலரி’யும் லத்தீனில் உப்பைக் குறிக்கும் ‘சால்’ என்ற சொல்லின் வழியில் வந்ததுதான்.

பழைய கார் வாங்குபவர்கள் ‘லெமன்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். அமெரிக்காவில் அது வெளியே பளபளவென்று இருந்து உள்ளே கோளாறான கார். அங்கே அப்படிப்பட்ட காரை வாங்கியவரைக் காப்பாற்றும் சட்டங்களுக்கே ‘லெமன் லா’ என்றுதான் பெயர். பொருளாதார அறிஞர் ஜார்ஜ் அகர்லாஃப் 1970-ல் பழைய கார் சந்தையைப் பற்றி எழுதிய கட்டுரையின் தலைப்பிலும் எலுமிச்சை இருக்கிறது. 2001-ல் நோபல் பரிசு பெற்றவர்களில் அவரும் ஒருவர். இங்கிலாந்திலோ, ‘ஐ ஃபெல்ட் எ ரைட் லெமன்’ என்றால் எல்லோர் முன்னாலும் அசடு வழிய நின்றேன் என்று அர்த்தம்.

ஐந்தாம் படி: லண்டன்காரர்களின் இயைபு

இது தனி வித்தை. கிழக்கு லண்டனில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிறந்தது. சொல்ல வந்த சொல்லுக்கு இயைபாக முடியும் ஒரு தொடரை எடுப்பார்கள். பிறகு, இயைபு இருக்கும் அந்தக் கடைசிச் சொல்லையே விட்டுவிடுவார்கள். தமிழில் செய்து காட்டினால் புரியும். ‘தலை’க்கு இயைபு ‘வாழை இலை’. இப்போது இலையை விட்டுவிடுங்கள். “காலையிலிருந்து ஒரே வாழைவலி” என்றால் யாருக்குப் புரியும்? அவர்களுக்குப் புரியும்.

‘ஹெட்’டுக்கு ‘லோஃப் ஆஃப் பிரெட்’. பிரெட்டை விட்டுவிட்டு ‘யூஸ் யுவர் லோஃப்’ என்பார்கள், மூளையைப் பயன்படுத்து என்று அர்த்தம். ‘லைஸ்’, அதாவது பொய்களுக்கு, ‘போர்க் பைஸ்’. அது சுருங்கி ‘போர்கீஸ்’ ஆயிற்று. ‘டெல்லிங் போர்கீஸ்’ என்று குழந்தைகளைக்கூடச் செல்லமாகக் கண்டிப்பார்கள். ‘லுக்’குக்கு ‘புட்சர்ஸ் ஹுக்’, கசாப்புக்கடைக் கொக்கி. ‘ஹேவ் எ புட்சர்ஸ்’ என்றால் ஒரு பார்வை பார். இந்த மூன்றும் லண்டனைத் தாண்டி நாடு முழுக்கப் பரவிவிட்டன. பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட் முடிந்ததும் எங்கள் வார்டில் அடிக்கடி கேட்பது ‘ஐ ஆம் க்ரீம் க்ராக்கர்ட்’. க்ரீம் க்ராக்கர் என்பது ஒரு பிஸ்கட். ‘நாக்கர்ட்’ என்றால் அடித்துப் போட்ட மாதிரி களைப்பு, அது கொஞ்சம் கரடுமுரடான சொல் என்பதால் பிஸ்கட்டை முன்னால் வைத்துச் சொல்கிறார்கள்.

நம்மை யாராவது ‘ரூபி’ சாப்பிடக் கூப்பிடலாம். ரூபி மரே என்பவர் பெல்ஃபாஸ்டில் பிறந்த பாடகி, 1955-ல் ஒரே வாரத்தில் அவருடைய ஐந்து பாடல்கள் பிரிட்டனின் முதல் இருபதில் இருந்தன. மரேவுக்கு இயைபு கரி. ஆக, ரூபி என்றால் கறிச் சாப்பாடு. நம் அம்மிக்கல்லிலிருந்து கிளம்பிய சொல் ஓர் ஐரிஷ் பாடகியின் பெயருக்குள் போய் ஒளிந்துகொண்டிருப்பதை நினைத்தால் எனக்குச் சந்தோஷமாக இருக்கும்.

ஆறாம் படி: இளையவர்களும் போனும்

இங்கே வேகமாகப் போகலாம், இந்தச் சொற்கள் சீக்கிரம் மாறுகின்றன. ‘பீஃப்’ என்றால் பகை, மனத்தாங்கல். ‘சால்ட்டி’ என்றால் தோற்ற கடுப்பில் இருப்பவர். ‘யூ ஆர் டோஸ்ட்’ என்றால் நீ காலி. ‘சீஸி’ என்றால் மிகையான, வழியும் ரகம். ‘வனிலா’ என்றால் தனிச்சுவை எதுவுமில்லாத சாதாரணம். ‘ஸ்பில் த டீ’ என்றால் வம்பைச் சொல்லு. இது அமெரிக்கக் கறுப்பின மக்களின் டிராக் (ஆண்கள் பெண் வேடமிட்டு நடத்தும்) நிகழ்ச்சி உலகத்திலிருந்து வந்த வழக்கு, யார்க்‌ஷயர் பாட்டியின் டீயோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்.

படக்குறிகளில் மட்டும் கொஞ்சம் நில்லுங்கள். கத்தரிக்காய்ப் படம் ஆணுறுப்பையும் பீச் பழப் படம் பின்புறத்தையும் குறிக்கும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். 2015-ல் இன்ஸ்டாகிராம் கத்தரிக்காய்ப் படத்தை வைத்துத் தேடுவதையே நிறுத்தி வைத்தது. நாளை எண்ணெய்க் கத்தரிக்காய் கொண்டுவருகிறேன் என்று வேலையிடத்து வாட்ஸ்அப் குழுவில் எழுதும்போது அந்தப் படத்தைச் சேர்க்காதீர்கள். குழம்பையே போட்டோ எடுத்து அனுப்புங்கள்.

ஏழாம் படி: காதுக்கு மட்டும், வாய்க்கு வேண்டாம்

‘கோகனட்’ என்று பழுப்பு நிற மனிதரைச் சொன்னால், வெளியே பழுப்பு, உள்ளே வெள்ளை, தன் இனத்தை விட்டு வெள்ளைக்காரராக நடிப்பவர் என்று பொருள். இது இனவசை. நீதிமன்றம் வரை போன வழக்குகள் உண்டு. நம்மவர்கள் நமக்குள்ளே விளையாட்டாகச் சொல்லிக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். வேலையிடத்தில் அதைச் சொல்லவே கூடாது, உங்களை யாராவது சொன்னால் பொறுத்துக்கொள்ளவும் தேவையில்லை. தேதி, நேரத்தோடு எழுதி வைத்து மேலாளரிடம் சொல்லுங்கள்.

‘டார்ட்’, ‘க்ரம்பெட்’ இரண்டும் தின்பண்டங்கள், ஆனால் பெண்ணைக் குறித்துச் சொன்னால் கேவலமான பேச்சு. ‘ஃப்ரூட்கேக்’, ‘நட்ஸ்’, ‘க்ராக்கர்ஸ்’ எல்லாம் மனநிலை சரியில்லாதவர் என்று கேலி செய்வது. நோயாளிகள் தங்களைப் பற்றித் தாங்களே சொல்வார்கள், நீங்கள் திருப்பிச் சொல்லக் கூடாது. படுத்த படுக்கையாக நினைவின்றி இருப்பவரை ‘வெஜிடபிள்’ என்று குடும்பத்தினர் துக்கத்தில் சொல்லிவிடுவார்கள். அவர்கள் சொன்னாலும் நீங்கள் அந்த மனிதரின் பெயரையே சொல்லுங்கள்.

இதற்கு நேர்மாறாக, முன்பின் தெரியாதவர்கள் ‘ஹனி’, ‘ட்ரீக்கிள்’ என்று கூப்பிடுவார்கள். நாட்டிங்ஹாம், டெர்பி பக்கம் ஆண் பெண் எல்லோருமே ‘டக்’. பஸ் ஓட்டுநர் அப்படிச் சொன்னால் கோபப்பட வேண்டாம், நம் ஊரில் கண்ணு, ராசா, தங்கம் என்பது போலத்தான். ஆனால் நாமாக ஆரம்பிக்கும்போது பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதே நல்லது.

எட்டாம் படி: கேட்பது எப்படி

முதல் ஆறு மாதம் கேட்டுக்கொண்டே இருங்கள். ஒரு தொடரை மூன்று வெவ்வேறு ஆட்கள் சொல்லிக் கேட்ட பிறகு நீங்கள் சொல்லிப் பாருங்கள். அதற்கு முன்னால் சொன்னால் எங்கோ ஒரு சொல் நழுவும். புரியாதபோது தலையாட்டிவிடாதீர்கள், மருத்துவமனையில் அது ஆபத்து. “சாரி, ஐ ஹேவன்ட் ஹர்ட் தட் ஒன். வாட் டஸ் இட் மீன்?” என்று கேளுங்கள். வயதானவர்களுக்கு இதை விளக்குவது போலப் பிடித்தது வேறொன்றும் இல்லை.

பக்கத்து வீட்டுப் பாட்டியிடமும் அப்புறம் ஒருநாள் போய் அதைத்தான் செய்தேன். ‘டீ’ என்றால் என்ன என்று கேட்டேன், அன்றைக்கு ஏன் சாப்பிடவில்லை என்பதையும் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் சிரித்தார். பிறகு உள்ளே போய், மின்கட்டண உறையின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதிக் கொண்டுவந்தார்: காலை பிரெக்ஃபஸ்ட், மதியம் டின்னர், சாயங்காலம் டீ, ராத்திரி சப்பர். அடியில் ‘வியாழன், ஹாஃப் ஃபைவ்’ என்று எழுதி இரண்டு கோடு போட்டிருந்தார். அந்த வியாழக்கிழமை மதியம் நான் ஒன்றும் சாப்பிடவில்லை.